இருபத்தேழு அங்குல மேஜை

அமெரிக்கா இங்கிலாந்து அரசரின் கீழ் இருந்த காலம். நியூ ஹாம்ப்ஷயரின் அந்தச் சிற்றூரில் அரசருக்குத் தேவாலயத்து டீக்கன் ஒபதியா ஸ்டிக்னியைவிடப் பெரிய விசுவாசி கிடையாது. லண்டன் என்றதும் ஊரே பல்லைக் கடிக்கும். அவரோ இறகுப் பேனாவைச் சீவுவார். "எழுதற விதமா எழுதினா ராஜா மனசு இளகாதாய்யா?"

அவர் எழுதியது ஒரு பைன் மரத்துக்காக. நிலம் அவருடையது, மரம் அரசருடையது. இரண்டடிக்கு மேல் குறுக்களவுள்ள வெள்ளைப் பைன் எல்லாம் போர்க்கப்பலின் பாய்மரக் கம்பத்துக்கென்று சட்டம். பட்டையில் கோடாலியால் மூன்று வெட்டு வெட்டி அம்புக்குறி போட்டிருந்தார்கள்; தொட்டால் குற்றம். உள்ளே உளுத்துப்போன அந்த மரம் படுக்கையறைக் கூரைமேல் நாளுக்கு நாள் சாய்ந்துகொண்டிருந்தது.

மாதம் ஒன்றாக எழுதிய ஏழு மனுக்களும் கிணற்றில் போட்ட கல். எல்லாவற்றின் அடியிலும் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்ற கையெழுத்து.

"நீங்க கீழ்ப்படிஞ்சது போதுங்க," என்றாள் மனைவி எப்சிபா. "மரமும் கீழ படிஞ்சிட்டே வருது."

எட்டாம் மாதம் வன அதிகாரி குதிரையில் வந்தார், பவுடர் பூசிய பொய்முடியோடு. மரத்தைத் தட்டினார், காலிப் பீப்பாய்போல் சத்தம் கேட்டது. பொந்திலிருந்து ஆந்தை ஒன்று எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனது.

"பொக்கைதான் துரை," என்றார் ஒபதியா ஆவலாக.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கறது என் வேலை இல்ல. அம்பு இருக்கா? அப்ப அது கம்பம். முட்டுக்கொடுத்து வை. விழுந்தா நீதான் பொறுப்பு."

உத்தரவை எழுத வீட்டுக்குள் வந்தவர் சந்தேகத்தோடு தரைப்பலகைகளை அளந்தார். எல்லாமே இருபத்துமூன்று அங்குல அகலம்.

"அதெப்படி, ஒண்ணுகூட இருபத்துநாலு இல்ல?"

"எங்க ஊரு மரத்துக்குச் சட்டம் தெரியும் துரை," என்றாள் எப்சிபா.

அதிகாரி மேஜைமுன் உட்கார்ந்தார். இரண்டு முழங்கையும் சௌகரியமாகப் பரந்தன. அந்தச் சௌகரியம்தான் வினையாயிற்று. ஒரே பலகை. அளந்தார்: இருபத்தேழு.

"துரை, அது மாமனார் சீதனமா கொடுத்தது! ராஜாவுக்கு மனு எழுதினதெல்லாம் அதுலதான்!"

"ராஜா மரத்துமேலயே ராஜாவுக்கு மனுவா?" மேஜையில் அம்பு கீறி ஒபதியாவின் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, சத்திரத்தில் தங்கப் போனார் அதிகாரி.

விடியற்காலையில் காற்று பலத்தது. கூரை முனகியது. எட்டாவது மனுவுக்குக் காகிதத்தை எடுத்த ஒபதியா, மேஜை இருந்த வெற்றிடத்துக்கு முன் நின்றார். முழங்காலில் வைத்தார், வழுக்கியது. சுவரில் வைத்தார், மை வழிந்தது.

"எங்கதான்டி வச்சு எழுதறது!"

எப்சிபா கோடாலியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் வெட்டு அம்புக்குறியின் மேலேயே விழுந்தது. மரம் கூரையை விட்டுவிட்டுச் சாலையில் சாய்ந்தது. அப்போது அந்த வழியே இருபது பேர் வந்தார்கள்: அடையாளம் தெரியாதிருக்க முகமெல்லாம் அடுப்புக்கரி, கையில் பைன் விளார். அதிகாரியைக் 'கவனிக்க'ச் சத்திரத்துக்குப் போகிறார்கள்.

"டீக்கன் ஐயா, நீங்களா வெட்டினீங்க?" என்றான் மரம் அறுக்கும் சைலஸ்.

ஒபதியா மைபட்ட விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கரி மீதி இருக்காய்யா?"