எரியாத புல்

முகாமுக்கு முன்னால் மணலில் குச்சியால் ஆற்றை வரைந்தான் யோபே. லுவாங்வா ஆறு வளையும் இடத்தில் ஒரு கோடு. எதிரே கருங்காலித் தோப்பு. இரண்டுக்கும் நடுவே நெடும்புல். நாளை மறுநாள் ஹாலந்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. நாலு நாள் காட்டுக்குள் நடைப்பயணம். அவர்களுடைய கடைக்குட்டிப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது.

"முதல் நாள் புல்லுக்குள்ள குறுக்கால போயி, தோப்புல டீ. சரியா?" என்றான்.

கசோன்டே துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வனவிலங்குப் பூங்காக் காவலன். நடையில் எப்போதும் அவன்தான் முன்னால். அவனுக்குப் பின்னால் வழிகாட்டி யோபே. பிறகு விருந்தாளிகள். கடைசியில் கெட்டிலும் கோப்பைகளும் சுமந்து பிலிமோன். இந்த வரிசை மாறியதே இல்லை.

"மழை நீண்டு போச்சு. வருசா வருசம் எரிக்கிற அந்தப் புல்ல இன்னும் எரிக்கல. ஆள் ஒசரம் நிக்குது," என்றான் கசோன்டே.

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்ற?"

யோபே காலையிலிருந்து முதலுதவிப் பெட்டியைத் திறந்து திறந்து மூடியிருந்தான். வாக்கிடாக்கி, பாம்புக்கடிக்குக் கட்டும் துணி, தண்ணீர்க் குடுவைகள், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. எதைத் தொட்டாலும் இன்னொன்று குறைவதுபோல் இருந்தது.

பிலிமோன் தொண்டையைச் செருமினான். யோபேயின் மனைவி மலிதாவின் தம்பி, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். ஜனவரியில் சாலை முழுக்கத் தண்ணீர் நின்றபோது மலிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு வரத் தாமதமானது. அவ்வளவுதான்.

"மச்சான், இந்தத் தடவை நான் கெட்டில் தூக்கல."

"ஏன், தோள் வலிக்குதா?"

"தோளு நல்லாத்தான் இருக்கு. அக்கா இன்னும் உங்க மேலதான் இருக்கா. யாரும் எறக்கி விடல. சாவு ஒட்டியிருக்கிற ஆள் கூடக் காட்டுக்குள்ள போனா மிருகம் சும்மா விடாது. நேத்து பாத்தீங்கல்ல?"

நேற்று வழி பார்க்கப் போனபோது குட்டியோடு ஒரு பெண்யானை புல்லைப் பிளந்துகொண்டு வந்தது. கசோன்டே போட்ட கத்தலில்தான் திரும்பியது.

"காத்து திரும்புச்சு. குட்டி கூட இருந்துச்சு. அதான் வந்துச்சு," என்றான் யோபே. இதையெல்லாம் கல்லூரியில் படித்தவன். "சாவப் பாத்து எந்த யானையும் வராது."

"ஈஸ்டருக்குச் சித்தி பாசிமணியை எடுத்துக்கிட்டு வந்தாங்க. நீங்க ஜீப்புக்கு அடியில படுத்துக்கிட்டீங்க. செருப்பு வெளிய தெரிஞ்சுது மச்சான்."

யோபே குச்சியைக் கீழே போட்டான். மனைவி செத்தால் அவள் வீட்டார் வந்து கணவனின் மார்பில் ஈர மாவைப் பூசி, மணிக்கட்டில் வெள்ளைப் பாசிமணி கட்டி விடுவிக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் அவளுடையவன் இல்லை. அதனால்தான் ஜீப்புக்கு அடியில் படுத்தான்.

"காத்து திரும்புனது சரி," என்றான் கசோன்டே. "நானும் திரும்புனேனே, எதுக்கு? உன் கையப் பாக்க. நில்லுன்னு காட்டுவ, இல்ல பின்னால வான்னு காட்டுவ. கை தொங்கிட்டு இருந்துச்சு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நின்ன."

கசோன்டே பெம்பா இனத்தவன். யோபே ங்கோனி இனத்தவன். பழைய வழக்கப்படி இரண்டு கூட்டமும் ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. மலிதாவைப் புதைத்த அன்றுகூடக் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, "எலி தின்னிகளா, பீர் வாங்கித் தராம எந்திரிக்க மாட்டேன்" என்று அழுகைக்கு நடுவே எல்லோரையும் சிரிக்க வைத்தவன் கசோன்டே. இன்று அவன் கேலி செய்யவில்லை.

அவன் சொன்னது உண்மை. யானை வந்தபோது யோபேக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வரட்டும் என்று நின்றான். நாளை மறுநாள் அவன் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு வயதுப் பெண் நிற்பாள்.

சைக்கிளை எடுத்தான்.

மலிதாவின் சித்தி எனெலெசி வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க மாப்பிள்ளை. வண்டி ரிப்பேர் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சின்னத்தை."

"ரொம்பப் பெரிய ரிப்பேர் போல. சட்டையக் கழட்டுங்க."

மாவு சில்லென்று இருந்தது. உப்பு டப்பாவிலிருந்து மணிச்சரத்தை எடுத்து இறுக்கிக் கட்டினாள். "அவள விடுங்க. அவளும் உங்கள விடட்டும்."

"விட்டுட்டா எனக்கு என்ன சின்னத்தை மிஞ்சும்?" அதைக் கேட்க அவன் நினைத்திருக்கவில்லை.

எனெலெசி கையைக் கழுவினாள். "பசி மிஞ்சும். உக்காருங்க, களி ஆறுது."

பூசணி இலைக் கூட்டோடு களியைத் தின்றான். அழுகை வரவில்லை. திரும்பி வரும் வழியில் மார்பில் மாவு காய்ந்து இழுத்தது. உள்ளே எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. மாறாமலே போனால்? விருந்தாளிகளை வேறு முகாமுக்கு அனுப்பிவிடலாமா? யாரிடம் என்ன காரணம் சொல்வது?

மறுநாள் காலை மூவரும் ஒத்திகை நடை போனார்கள். மணியைப் பார்த்த பிறகு பிலிமோன் கெட்டிலைத் தூக்கினான். ஆனாலும் வழக்கத்தைவிடத் தள்ளியே வந்தான்.

நெடும்புல்லின் விளிம்பை எட்டினார்கள். காற்று இல்லை. புல்லுக்குள்ளிருந்து உண்ணி கொத்தும் பறவைகள் இரண்டு கிறீச்சிட்டு எழுந்தன. அவை வெறும் புல்லில் உட்கார்வதில்லை, ஏதோ ஒன்றின் முதுகில்தான் உட்காரும்.

கசோன்டே நின்றான். திரும்பிப் பார்த்தான்.

யோபேயின் கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது. நில். பிறகு விரல்கள் பின்னால் காட்டின.   பார்வையை எடுக்காமல் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார்கள். புல்லுக்கு மேலே சேறு அப்பிய கொம்புகள் எழுந்தன. மந்தையை விட்டுப் பிரிந்த கிழட்டுக் காட்டெருமை. தலையைத் தூக்கி வெகுநேரம் முறைத்தது. பிறகு அதற்கே சலித்துப் போய்த் திரும்பியது.

ஆற்றங்கரை மரத்தடியில் பிலிமோன் டீ ஊற்றினான். யோபேயின் கோப்பை தளும்பி மணிகளின் மேல் சிந்தியது.

"கை ஏன் ஆடுது? குளிரா?" என்றான் கசோன்டே.

"பயமா இருக்கு."

"எலி தின்னிக்கு உயிர் மேல ஆச வந்துருச்சுடா பிலிமோன்!"

"போடா குரங்கு தின்னி," என்றான் யோபே. சொல்லும்போதே குரல் உடைந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. கசோன்டே ஆற்றைப் பார்த்தான். பிலிமோன் கெட்டிலைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

டீ ஆறிப்போனது. யோபே முகத்தைத் துடைத்துக்கொண்டு காலால் மணலில் ஆற்றை வரைந்தான். கரையை ஒட்டியே ஒரு கோடு இழுத்தான்.

"முதல் நாள் இப்படி. புல்லுக்குள்ள வேணாம். சுத்துதான்."

"அந்தப் பொண்ணுக்குக் கால் வலிக்கும்," என்றான் கசோன்டே.

"வலிக்கட்டும்."