வெள்ளிக்கிழமைப் புவான்கரே

புதுச்சேரியில் புவான்கரே என்று ஒரே ஒரு குடும்பப் பெயர்தான் இருந்தது. அதை இரண்டு வீட்டார் முறை வைத்து உபயோகித்தார்கள். திங்கள் முதல் புதன் வரை கணக்கு டீச்சர் எவ்லினுக்கு. வியாழன் முதல் சனி வரை அவளுடைய சித்தப்பா மகன் கவுன்சிலர் காஸ்தோனுக்கு. ஞாயிற்றுக்கிழமை பெயருக்கு ஓய்வு. பிரான்சில் ஒரு கணித மேதையும் ஒரு குடியரசுத் தலைவரும் வைத்திருந்த பெயர் அது. ஆகவே அதற்குக் கணக்கும் தெரியும், கும்பிடு போடவும் தெரியும்.

பதினோரு வருஷம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு எவ்லின் ஒரு தேற்றத்தை நிரூபித்திருந்தாள். அதைப் பதிந்துகொள்ளப் பாரிசிலிருந்து ஒரு குழு வந்தது. வந்ததுதான் வந்தது, வெள்ளிக்கிழமையிலா வந்து தொலைக்கவேண்டும்! குடும்பப் பெயர் இல்லாத தேற்றத்தை மாலை நாலு மணிக்குக் கடலில் விட்டுவிடுவது சட்டம். எவ்லின் காஸ்தோனிடம் ஓடினாள்.

“ஒரு மணி நேரம் குடு தம்பி.”

“இன்னிக்குப் பாலம் திறக்கிறேன் அக்கா. பேரில்லாம எப்படி ரிப்பன் வெட்டுறது?”

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எவ்லின் என்ன லேசுப்பட்டவளா? சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். மூன்று தடவை கூப்பிட்டும் ‘இதோ’ என்று சொல்லாதவரிடம் பெயர் தங்காது என்று அதில் இருந்தது. காஸ்தோன் அரசியலுக்கு வந்து இருபது வருஷம்; யாருக்கும் நேராக ஒரு பதில் சொன்னதில்லை. கணக்கு சுலபமாகிவிட்டது.

மூன்றரை மணிக்குத் திறப்புவிழாக் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றாள்.

“புவான்கரே!”

காஸ்தோன் மேடையில் கைகூப்பிச் சிரித்தான்.

“புவான்கரே!”

“நல்ல கேள்வி” என்றான் மைக்கில்.

“புவான்கரே!”

“பரிசீலனையில் இருக்கிறது.”

கூட்டம் கைதட்டியது. பெயர் மேடையிலிருந்து படி இறங்கி, ஆட்களை விலக்கிக்கொண்டு எவ்லினிடம் வந்து சேர்ந்தது. “இதோ!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் குழு முத்திரை குத்தியது. அப்பாடா! பதினோரு வருஷ உழைப்பு பிழைத்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. காஸ்தோன் பெயரில்லாமல் ரிப்பன் வெட்டியதில் பாலம் பாதிதான் திறந்தது. மீதி அடுத்த வியாழக்கிழமை என்று அறிவித்தார்கள்.

குடும்பப் பெயர் வந்துவிட்டதால் தேற்றமும் வீட்டு ஆளாகிவிட்டது. எவ்லின் அதை ரேஷன் கார்டில் சேர்த்தாள். மறுமாதம் அது தானே பையை எடுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று, அரிசியும் சர்க்கரையும் வாங்கிவந்தது. அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள். தேற்றம் இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தது.