சத்தியத்துக்கு நிற்காத வாழ்த்துப்பா

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: அண்ணாமலையாகிய நான், என் தம்பி தனபால், அவன் மனைவி கோகிலவாணி, அவர்கள் மகள்கள் சங்கீதா, பூங்குழலி, எங்கள் மலையிலேயே உள்ள வாழவந்தி நாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை மணிவண்ணன், அவன் தாய் ராமாயி. வேறு யாரும் இல்லை.

சங்கீதாவுக்கு நிச்சயம். எங்கள் குடும்பத்தில் தட்டு மாற்றுவதற்கு முன் மூத்தவன் வெற்றிலையில் கை வைத்து, "பெண்ணைப் பற்றி இங்கே சொன்னது அத்தனையும் மெய்" என்று சொல்ல வேண்டும். நான்கு தலைமுறையாக அந்தச் சொல் பிசகியதில்லை. அதற்கு முன்னால் யாரும் கவிதை வாசித்ததும் இல்லை. இந்த முறை, கல்லூரியில் தமிழ் படிக்கும் பூங்குழலி தன் அக்காவுக்கு ஒரு வாழ்த்துப்பா எழுதி வாசித்தாள். நானும் தலையாட்டிக் கேட்டேன். அது என் பிழை.

சங்கீதா தரையில் பாதம் படாமல் வளர்ந்தவளாம். கோபம் என்பதையே அறியாதவளாம். அவள் சிரிப்புக்கு வெட்கப்பட்டுத்தான் அருவி மலையிலிருந்து கீழே குதிக்கிறதாம்.

வெற்றிலைக்குக் கையை நீட்டினேன். ராமாயி நிறுத்தினாள்.

"ஏனுங்க, தரையில கால் வெக்காதுங்களா? எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மரவள்ளி இருக்குதுங்க."

"அது உயர்வு நவிற்சி அணிங்க அத்தை," என்றாள் பூங்குழலி. "உள்ளதைப் பெருசாச் சொல்றது."

"அருவி எங்கப்பன் காலத்துல இருந்தே குதிக்குதே கண்ணு. உங்கக்கா அப்பப் பொறக்கவே இல்லையே?"

"அது தற்குறிப்பேற்ற அணிங்க. தானா நடக்கறதுக்கு நாம ஒரு காரணம் ஏத்திச் சொல்றது."

"அப்ப இல்லாததுன்னு சொல்லு சாமி."

"எங்கள் வீட்டில் இல்லாததைச் சொல்லும் வழக்கம் இல்லை," என்றேன். சொன்ன பிறகுதான் எங்கே வந்து நிற்கிறேன் என்று தெரிந்தது.

"அப்பக் கைய வெச்சுச் சொல்லுங்கண்ணா."

தனபால் என் காதோரம், "பாட்டுத்தானுங்க, வெச்சிருங்க" என்றான். கை தட்டுக்கு மேலேயே நின்றது. வைத்தால் நான்கு தலைமுறையின் சொல் போகும். எடுத்தால் சங்கீதாவின் நிச்சயம் போகும்.

பூங்குழலியின் பேனாவை வாங்கி முதல் வரியை அடித்தேன். "நடப்பாள். மிளகு பறிக்க ஏணி ஏறுவாள்."

"சரிங்க."

அடுத்த வரியையும் அடித்தேன். "கோபம் வரும். இந்தச் சட்டையோடு சபையில் உட்காரக் கூடாது என்று இன்று காலையில்கூட என்னிடம் கத்தினாள்."

கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். ராமாயியின் முகம் தெளிந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? கோபமே வராத புள்ளைய வெச்சு, விடிஞ்சும் தூங்கற இவன எப்படிங்க எழுப்பறது?"

சங்கீதா சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் வாசலில் கோழிகள் சிதறின.

மூன்றாவது வரிக்குப் பேனாவைக் கொண்டுபோனேன். "அத அடிக்க வேண்டாங்க மாமா," என்றான் மணிவண்ணன்.

"அருவிக்கு நான் கை வைக்க முடியாது."

"அதுக்கு நான் வெக்கறனுங்க."

வைத்தான். மீதிக்கு நான் வைத்தேன். தட்டு மாறியது. பூங்குழலி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சங்கீதாவின் காலில் ஏதோ குறை, அதை மறைத்து நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று செம்மேடு பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு நடக்கிறது. தவறு. அவளுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன.