டிப்போவின் வளைய மெத்தை

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். நான் தையல்காரி. எங்கள் இரண்டு பேருக்குமே உட்கார்ந்தபடிதான் பிழைப்பு. ஆனால் நான் உட்காருவது எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலோரம். வேண்டும்போது எழுந்து போகலாம். அவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய பஸ் கிளம்புகிற இடத்தில் கழிப்பறை உண்டு, போய்ச் சேருகிற இடத்தில் இல்லை. அதனால் வேலை நாட்களில் தண்ணீரே குடிக்க மாட்டார். காலையில் நான் நிரப்பிக் கொடுக்கிற பாட்டிலுக்கு நாள் முழுக்க ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, மாலையில் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவார்.

வயிறு சும்மா இருக்குமா? அது வேலைநிறுத்தம் செய்தது. காலையில் அவர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், வெளியே எங்கள் மகள் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்று, "அப்பா, நான் ஆபீஸ் போகணும், சீக்கிரம் வாங்க!" என்று கத்துவாள். உள்ளிருந்து பதில் வராது. அந்த விஷயத்தில் மட்டும் அவருக்கு வாயே கிடையாது. மற்றபடி சிக்னலில் குறுக்கே வந்த ஒரு சைக்கிள்காரனைப் பற்றிச் சாப்பாடு முடியும்வரை பேசுவார். வாயு, மலச்சிக்கல், மூலம் என்கிற வார்த்தைகள் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் 'சூடு' என்று ஒரே பெயர். வயிறு உப்பினாலும் சூடு, போகாவிட்டாலும் சூடு, போய்க்கொண்டே இருந்தாலும் சூடு.

ஒருநாள் மாலை அவர் ஒரு பையைக் கொண்டுவந்து என் தையல் மிஷின் மேல் வைத்தார். உள்ளே நடுவில் ஓட்டையோடு ஒரு ரப்பர் மெத்தை இருந்தது.

"என்னங்க இது? இந்த வயசுல நீச்சல் கத்துக்கப் போறீங்களா?"

"கிண்டல் பண்ணாம இதுக்கு ஒரு உறை தச்சுக் குடு. பழைய உறை கிழிஞ்சுபோச்சு."

"யாரோடது?"

"டிப்போவோடது" என்றார், ஏதோ அரசாங்கச் சொத்தைப் போல.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் கதையைப் பிடுங்கினேன். என்றைக்கோ ரிட்டயரான ஒரு டிரைவர் விட்டுவிட்டுப் போன மெத்தை அது. டிப்போவில் யாருக்குச் 'சூடு' முற்றி உட்கார முடியாமல் போகிறதோ அவர் கைக்கு அது வந்து சேரும். வைத்திருக்கிறவருக்கு 'மகாராஜா' என்று பட்டம். அவர் ஓய்வறைக்குள் நுழைந்தால் மற்ற டிரைவர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். அடுத்தவருக்கு முற்றியதும், கைதட்டி, தோளில் தூக்கி, மெத்தையை மாற்றிக் கொடுப்பார்கள்.

"உங்களுக்கு முன்னாடி இருந்த மகாராஜா யாரு?"

"இப்ப டிக்கெட் செக்கரா இருக்காரே, அவருதான்."

"அவருக்குச் சரியாயிடுச்சா?"

"அவரு இப்ப நின்னுக்கிட்டே வேலை பாக்கறாரு. எதுக்கு மெத்தை?" என்றார். அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவருடைய சீருடைப் பேன்ட் துணியில் மிச்சம் இருந்ததை எடுத்து, கருநீலத்தில், துவைப்பதற்கு வசதியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். நன்றாகவே அமைந்தது. மகாராஜாவின் மனைவி என்று சொல்லி நாங்கள் சிரித்தோம்.

இன்னொரு சந்தோஷமும் எனக்கு அந்தச் சமயத்தில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு நல்ல தொப்பை. அதைக் குறைக்கச் சொல்லி நான் கத்தாத நாளில்லை. இடுப்பளவு எடுக்க டேப்பைப் போட்டால் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். "யாரை ஏமாத்தறீங்க? நாளைக்குப் பட்டன் தெறிச்சுப் பயணி மேல விழும்" என்று டேப்பாலேயே ஒரு அடி போடுவேன். அப்படிப்பட்டவருக்குப் பேன்ட் தானாக லூசாகிறது. ஒரு தடவை இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். கொஞ்ச நாளிலேயே மறுபடியும் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரவிக்கை தைக்க வந்த மாடிவீட்டு அக்காவிடம், "நான் சொன்னா அவர் கேட்பாருக்கா" என்று அளந்து விட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற துணியை எடுக்கக் குளியலறைப் பக்கம் போனேன். உள்ளே தேய்க்கிற சத்தம் கேட்டது. காபி குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத மனிதர், குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெத்தை உறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதைத் தண்ணீருக்குள் அமுக்கினார். கருநீலத் துணியில் கறை தெரியாது. ஆனால் வாளித் தண்ணீரில் தெரிந்தது.

நான் வாளியை என் பக்கம் இழுத்தேன்.

"ரத்தமா?"

"சூடுதான். டிப்போவுல எல்லாருக்கும் வர்றதுதான். எஞ்சின் பக்கத்துலயே உக்காந்தா வராதா?"

"எத்தனை நாளா?"

மென்று விழுங்கினார். "நீ உறை தைக்கறதுக்கு முன்னாடியிருந்தே."

"வேற என்ன?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்பு கட்டிக்கொள்ளுமாம், இப்போதெல்லாம் சில நாள் கட்டிக்கொள்கிறதாம், சில நாள் தண்ணீராகப் போகிறதாம். போய்விட்டு வந்தாலும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரியே இருக்கிறதாம். பஸ்ஸில் ஏறும்போதே மூச்சு வாங்குகிறதாம்.

"அப்ப இந்தத் தொப்பை குறைஞ்சது?"

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா குறைஞ்சது." கொஞ்சம் நிறுத்தி, "நீ அவ்வளவு சந்தோஷப்பட்ட. கெடுக்க மனசு வரல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தையும் பயத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவரை இழுத்து அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் துணி உலர்த்தப் போனேன். திரும்பி வந்து, "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

"எல்லாத்துக்கும் டாக்டரா? அங்க போய் என்னன்னு சொல்றது? அசிங்கம்."

"சரி, போக வேணாம். ஆனா இனிமே உங்க பேன்ட்டை நான் பிடிச்சுத் தர மாட்டேன். ஒருநாள் நெரிசல்ல, எல்லாரும் பாக்க, அது அவுந்து விழட்டும். அது அசிங்கமா, இது அசிங்கமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

அன்று மாலைவரை முறைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை என்னைவிட முன்னால் கிளம்பி வாசலில் நின்றார். பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இளவயதுப் பெண். எங்கள் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அதைப் பார்த்ததும் இவருக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது. "என்ன பண்ணுது?" என்று கேட்டதற்கு, "கொஞ்சம் சூடு" என்றார். நான் அவர் காலை மிதித்தேன். அப்புறம் நானே தொடங்கினேன். பாதி வழியில் அவரே பேச ஆரம்பித்தார். மெத்தைக் கதையைச் சொன்னபோது டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் இவருக்கும் கூச்சம் போனது.

"எடை குறைஞ்சிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு தடவை இடுப்பைப் பிடிச்சிருக்கேன் டாக்டர். ஒவ்வொரு தடவையும் ரெண்டு விரல் அகலத்துக்கு" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இவருடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கையுறை போட்டுப் பரிசோதித்தார். நான் திரையின் இந்தப் பக்கம் நின்று, இவர் மூச்சைப் பிடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூலம்தானே டாக்டர்?" என்று இவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். அந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"மூலம் இருக்கு. ஆனா மூலம் இருக்கறவங்களுக்கு வேற எதுவும் வரக் கூடாதுன்னு சட்டமா என்ன? இதப் பாருங்க. வயிறு உப்பறது, ஏப்பம், ரெண்டு நாள் கட்டிக்கிறது, ஏதாவது ஒத்துக்காம ரெண்டு நாள் போறது, இதெல்லாம் எல்லாருக்கும் வரும். தண்ணி குடிச்சு, காய் பழம் சாப்பிட்டு, கொஞ்சம் நடந்தா பெரும்பாலும் சரியாயிடும். அதுக்கெல்லாம் என்கிட்ட ஓடி வரணும்னு இல்ல. ஆனா ரத்தம் வந்தா வரணும். போற பழக்கம் மாறி வாரக்கணக்கா அப்படியே இருந்தா வரணும். நீங்க ஒண்ணும் பண்ணாமலே எடை குறைஞ்சா வரணும். நீங்க மூணையும் சேத்து வச்சுக்கிட்டு ஒரு மெத்தை மேல உக்காந்திருந்திருக்கீங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

அதற்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்கிற மருந்தைக் கரைத்துக் குடிக்க வேண்டும். வண்டியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மனிதர் அன்றைக்கு ஜாடி ஜாடியாகக் குடித்தார். கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக ஓடினார். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சமையலறைக் குழாயிலேயே பல் துலக்கினாள். அடைத்த கதவுக்கு வெளியே நின்று, "மெதுவா வாங்கப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பின்பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு அங்கியைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனார்கள். அவருடைய பேன்ட்டை மடித்து என் மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்காமல் இடுப்புத் தையலைத் தடவியது. தையல்காரிகள் இடுப்பைப் பிடிக்கும்போது மிச்சத் துணியை வெட்ட மாட்டோம், உள்ளேயே மடித்து விட்டுவிடுவோம். உடம்பு போடுகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று தெரியும். அந்த மடிப்பு என் விரலுக்குத் தடிமனாகத் தட்டுப்பட்டது. எத்தனை வருடம் அந்தத் தொப்பையைத் திட்டியிருப்பேன். அது திரும்பி வந்தால் போதும், வாயே திறக்க மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்.

மூலத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு சின்னத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெயரைச் சொல்லவே பயப்படுகிற அந்த நோய்தான் அது. ஆனால் வேறு எங்கேயும் பரவவில்லை.

"ஆபரேஷன் பண்ணி அந்த இடத்தை எடுத்துடலாம். நல்ல வேளை, இப்ப வந்தீங்க. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா நான் இவ்வளவு தைரியமா பேசியிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"திரும்ப வண்டி ஓட்டலாமா டாக்டர்?"

"தண்ணி குடிப்பீங்களா?"

"குடிக்கிறேன்."

"அப்ப ஓட்டலாம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் தேறி வர நாளானது. கஞ்சித் தண்ணீரிலிருந்து சாப்பாட்டுக்கு வருவதற்குள் என் பொறுமை போய்விட்டது. முதல் முதலாக வாயு பிரிந்த அன்று குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நர்ஸ் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். இவர் அதை எனக்குப் போன் போட்டுச் சொன்னார். இவர்தான், அந்த விஷயத்துக்கு வாயே இல்லாதவர். நான் கடைத்தெருவில் நின்று, "ரொம்ப சந்தோஷங்க, ரொம்ப சந்தோஷம்" என்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பேரக்குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று மெத்தையை எடுத்துக்கொண்டு போனார். போவதற்கு முன்னால் உறையில் வெள்ளை நூலால் சில வார்த்தைகள் தைத்துத் தரச் சொன்னார். தைத்தேன். ஓய்வறையில் எல்லாரும் வழக்கம்போல எழுந்து கும்பிட்டிருக்கிறார்கள். இவர் கும்பிடு வாங்காமல், மேஜைமேல் மெத்தையை வைத்து, தனக்கு என்ன வந்தது, எப்படி வந்தது, எங்கேயிருந்து ரத்தம் வந்தது என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லையாம். உறைமேல் நான் தைத்திருந்ததை ஒருவர் படித்தாராம்: 'முதலில் டாக்டர், அப்புறம் மெத்தை.'

வெளியே வந்தபோது பழைய மகாராஜா, அந்த டிக்கெட் செக்கர், இவரைத் தனியாக ஓரம் கட்டி, "அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டாராம். போய்க் காட்டியதில் அவருக்கு வெறும் மூலம்தான் என்று தெரிந்தது. மருந்திலேயே சரியாகிவிட்டது.

போன வாரம் இவர் என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார். கையில் காலியான தண்ணீர் பாட்டில். முகத்தில் ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்த களை.

"பேன்ட் கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றார்.

நான் டேப்பை எடுத்தேன். எடுத்ததுமே, பழக்கதோஷம், மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இழுக்காதீங்க" என்றேன்.

"இல்ல, நீ திட்டுவ."

"திட்ட மாட்டேன். விடுங்க."

அவர் மெல்ல மூச்சை விட்டார். வயிறு வந்து டேப்பை நிறைத்தது. நான் அளவைக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டேன். அது உள்ளே ஏதோ குடுகுடுவென்று பேசியது. "சூடுதான்" என்றார் அவர், என் தலைமேல் கை வைத்து. நான் சிரித்துக்கொண்டே கத்திரிக்கோலை எடுத்து, இடுப்புத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.