மச்சினன் என்னும் எடைக்கல்

சௌந்திரத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை வைத்திருந்தார்கள். அவள் பிரிவு ரத்தமுள்ள ஆள் ஒருவர் வேண்டும் என்று சேலத்து டாக்டர் சொன்னதுதான் தாமதம், மல்லசமுத்திரத்தில் அவள் புருஷன் சின்னண்ணன் வீட்டில் சண்டை மூண்டது. கொடுக்க ஆளில்லாமல் வந்த சண்டையா? அட, நீங்க வேற. புருஷனுக்கும் தம்பிக்கும் ஒரே பிரிவு. நான்தான் கொடுப்பேன் என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள்.

"எங்கக்கா ஒடம்புல எங்க ஊட்டு ரத்தந்தான் ஏறோணும், மாமா," என்றான் சுப்பையன். ஊர் ஊராக ரிக் வண்டியோடு போய் போர்வெல் போடுகிறவன்.

"தாலி கட்டுனவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப உன்ற ரத்தம் எதுக்கு மாப்ளே?"

சின்னண்ணனின் தங்கை வசந்தாமணி அடுத்த வீதியில்தான் இருந்தாள். ஒரு பச்சைப் பட்டுச்சேலைக்காக அவளும் சௌந்திரமும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அதனால் அவளை யாரும் கேட்கவே இல்லை.

போன வருஷம் சின்னண்ணனுக்குக் காமாலை வந்திருந்தது. அதனால், ரத்தம் கொடுக்கும் முன் அதில் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார் டாக்டர். செவ்வாய்ப்பேட்டை லேபில் 'இல்லை' என்றார்கள். சின்னண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டு டாக்டரிடம் சீட்டை நீட்டினார். டாக்டரோ, "அங்கே கிருமி நிறைய இருந்தாத்தான் தெரியும். அஸ்தம்பட்டியில கொஞ்சம் இருந்தாலும் கண்டுபிடிச்சிருவாங்க," என்று அங்கே அனுப்பினார். அஸ்தம்பட்டி லேபில் சோதனை செய்யும் இன்பமேரி பார்த்துவிட்டு 'இருக்கிறது' என்றாள்.

சின்னண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே கை, ஒரே ரத்தம், ஒருத்தன் இல்லை என்கிறான், ஒருத்தி இருக்கிறது என்கிறாள்! மஞ்சள் வியாபாரி அவர். சந்தேகமான தராசில் நன்றாகத் தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் ஒரு மூட்டை வாங்கமாட்டார். இங்கே எடைக்கல் யார்? தலைவலி என்றுகூடப் படுத்தறியாத மச்சினன்தான்.

"அந்த அஸ்தம்பட்டி லேப்ல என்ற பேரச் சொல்லி நீ டெஸ்ட்டுக்கு ரத்தங்குடு மாப்ளே. உனக்கும் இருக்குதுன்னு சொன்னா அந்த லேப் பித்தலாட்டம், நாந்தான் குடுப்பேன். இல்லைன்னு சொன்னா உங்கக்காளுக்கு நீயே குடுத்துக்க."

"கைய நீட்டுனாப் போச்சு!" என்று சிரித்தான் சுப்பையன். லேபிலிருந்து சின்னண்ணனைப் பார்த்தறியாத பையன் ஒருவன் வந்து ரத்தம் எடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே லேபுக்குப் போனார்கள். இன்பமேரியின் முகம் வாடியிருந்தது. "போன தடவையைவிட எக்கச்சக்கமா ஏறியிருக்குங்களே, ஐயா."

"மாட்டுனியா அம்மிணி! அது என்ற ரத்தமே இல்ல. இதா, இவனுது!" சின்னண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார். சுப்பையனும் சேர்ந்துகொண்டான்.

இன்பமேரி சிரிக்கவில்லை. பணியாரச் சட்டி போலக் குழிகுழியாக இருந்த தட்டைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு குழியிலும் ரத்தத்தை மேலும் மேலும் தண்ணியாக்கி விட்டிருந்தாள். "கிருமி இருந்தா அடியில சிவப்பு பரவி நிக்கும். இல்லைன்னா பொட்டு மாதிரி இறங்கிடும். இவரோடது கடைசிக் குழி வரைக்கும் பரவியிருக்கு பாருங்க."

"இந்த வரிசைல அத்தனையும் பொட்டா இருக்குதே, இது யாருது?"

"என்னோடதுங்க. எனக்குக் கிருமி கிடையாது. ஒவ்வொரு தடவையும் என் ரத்தத்தையும் கூட வெச்சுத்தான் பார்ப்பேன். தட்டு தப்பா சொன்னா அதுல தெரிஞ்சிடும்."

சின்னண்ணனுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. இவளும் எடைக்கல் வைத்துத்தான் நிறுக்கிறாள். தராசு சரிதான். அப்படியென்றால்? இவனே கொடுக்கட்டும் என்று நேற்று விட்டுக்கொடுத்திருந்தால், இந்த ரத்தமல்லவா சௌந்திரத்துக்கு ஏறியிருக்கும்!

"எனக்குக் காமாலையே வந்ததில்லீங்களே," என்றான் சுப்பையன்.

"சில பேருக்கு வெளியே தெரியாமலே இருக்குங்க. பயப்படாதீங்க, டாக்டரைப் பாருங்க."

சின்னண்ணன் அவன் தோளில் கை போட்டார். "வா சாமி, ரெண்டு பேரும் சேந்தே பாப்போம்." பந்தயத்தை இருவரும் மறந்தே போனார்கள்.

ஊர் திரும்பினால், சங்கதி கேள்விப்பட்டு வீட்டு வாசலில் வசந்தாமணி இடுப்பில் கை வைத்து நின்றாள். "பிரசவத்தப்பவே பாத்தாங்க, என்ற ரத்தமும் அதே பிரிவுதான். ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" மறுநாள் அஸ்தம்பட்டித் தட்டில் அவள் வரிசை முழுக்கப் பொட்டாக இறங்கியது.

ஆபரேஷன் முடிந்து கண்விழித்த சௌந்திரம், கட்டிலருகே நின்ற இருவரையும் பார்த்தாள். "கடைசில யாரு ரத்தமுங்க?"

புருஷனும் தம்பியும் கதவுப் பக்கம் கை காட்டினார்கள்.

"என்ற ரத்தந்தான் நங்கையா," என்றது கதவோரத்து நாத்தனார் குரல்.

சௌந்திரம் தலையைத் திருப்பினாள். கண்ணோரம் நீர் வழிந்தது. சின்னண்ணன் குனிந்து துடைக்கப் போனார். அவள் அவர் கையை விலக்கிவிட்டு வசந்தாமணியைப் பார்த்தாள்.

"அந்தப் பச்சைச் சேலை பீரோவுல மேல்தட்டுல இருக்குது. போயி எடுத்துக் கட்டீட்டு வா."