பார்க்க வேண்டிய ஏழு இடங்கள்

கோஸோ தீவைப் பற்றி நாற்பது தடவைக்கு மேல் எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் போனதில்லை.

துபாய் அல் குசைஸில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் டிராவல்ஸ் இருக்கிறது. முதலாளி செய்கு முகம்மது கீழக்கரைக்காரர். டிக்கெட், உம்ரா யாத்திரை இரண்டையும் அவர் பார்த்துக்கொள்வார். ஐரோப்பா டூரிஸ்ட் விசா ஃபைல்கள் என் மேஜைக்கு வரும். அந்த ஃபைலில் எந்த நாள் எந்த இடம் என்று ஒரு பயணத் தாள் இருக்க வேண்டும். மால்டாவுக்கும் அதை ஒட்டிய சின்னத் தீவான கோஸோவுக்கும் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே தாள்தான். பெயரும் தேதியும் மட்டும் மாறும்.

திருச்சியில் எம்.எஸ்ஸி. ஜியாலஜி படித்தேன். பாறைகளைப் பார்க்கும் வேலை கிடைக்கவில்லை. அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில் இந்த வேலை கிடைத்தது.

நான் சேர்ந்த புதிதில் அந்தத் தாளில் ஒரு பாறை வளைவு இருந்தது. கடலுக்குள் கால் ஊன்றி நின்ற பெரிய கல் ஜன்னல். 2017 மார்ச்சில் ஒரு புயலில் இடிந்து விழுந்துவிட்டது. முதலாளியிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. எனக்கு எதையும் உடனே சொல்ல வராது.

"விழுந்தா என்னம்மா பாரதி? படத்துல நிக்குதுல்ல. பாக்க லட்சணமா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

அவர் தொழுகைக்குப் போனபோது அந்த வரியை அழித்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தேன். இந்த வேலையில் நான் செய்த ஒரே துணிச்சல் அது.

கார்மேகம் அண்ணன் பிப்ரவரியில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டடங்களுக்கு வெளியே சாரம் கட்டும் வேலை. பரமக்குடிப் பக்கம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மால்டாவுக்கு விசா போடணும் மேடம்."

"டூரிஸ்ட் விசாவா அண்ணா?"

போனை நீட்டினார். ஒரு வீடியோ ஓடியது. கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பையன். பின்னால் பாறை, வெள்ளையாக நுரை. "அண்ணே, பாருண்ணே, காத்து ஆளத் தூக்குது! ஆத்தாகிட்ட சொல்லு." பதினொரு விநாடி.

"எந்தம்பி. விமல். அங்க ஓட்டல் கிச்சன்ல வேலை."

வீடியோவில் இருந்த இடம் எனக்குத் தெரிந்தது. துவெய்ரா. தாளில் ஐந்தாவது இடம்.

ஜனவரி கடைசி ஞாயிறு. லீவு நாள் என்று விமலும் கூட வேலை செய்கிற மூன்று பேரும் அந்தப் பாறைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு அலை மேலே ஏறி வந்திருக்கிறது. மற்ற மூவரையும் பாறையிலேயே உருட்டிவிட்டுப் போயிற்று. விமலைக் காணவில்லை. படகில் ஆறு நாள் தேடினார்கள். இப்போது அவன் பெயர் காணாமல் போனவர் பட்டியலில் இருக்கிறது.

"எங்காத்தா இன்னும் அழுவல மேடம்," என்றார். "சொந்தக்காரப் பொம்பளைங்க வந்து உக்காந்தாங்க. எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லிருச்சு. என்கிட்ட போன்ல ஒண்ணுதான் சொல்லுது. நீ போயிப் பாத்துட்டு வந்து சொல்லு, அப்பறம் அழுவுறேன்னு. ஒழுங்கா சோறும் திங்கல."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நான் சொல்றதக் கேளுங்க. விசா ஃபாரத்துல டிக் போட மூணு டப்பாதான். டூர், பிசினஸ், பேமிலி விசிட். பேமிலி விசிட்டுன்னா அங்க இருக்குற ஆளு கூப்புடணும், கையெழுத்துப் போடணும். யாரு போடுவா?"

"விமல்தான் போடணும்," என்றார் கார்மேகம் அண்ணன். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"காணாமப் போன ஆளப் பாக்கப் போறேன்னு எழுத டப்பா மாஃபி, கெடையாது. டூர்லதான் போவணும். சந்தோசமா ஊர் சுத்தப் போறீங்க, அம்புட்டுத்தான். விமல்ங்கற பேரே உங்க வாய்ல வரக்கூடாது. சொந்தம் இருக்குன்னா, போனவன் அங்கேயே தங்கிருவான்னு நினைப்பாங்க."

எங்கள் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு விசாக் கடிதத்திலும் ஒரு வரி உண்டு: அந்த நாட்டில் எனக்கு உறவினர் யாரும் இல்லை. முதலாளி பத்து வருடத்துக்கு முன் எழுதியது. அதை யாரும் தொடுவதில்லை.

கார்மேகம் அண்ணனின் கடிதத்தை நான் இரண்டு விதமாகத் தட்டினேன். ஒன்றில் அந்த வரி இருந்தது. இன்னொன்றில் விமலின் பெயர், தேதி, ஆறு நாள், ஒரு தாய் அழாமல் இருப்பது எல்லாம் இருந்தது. இரண்டாவதை முதலாளிக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு முறை எழுந்தேன். முதல் முறை அவர் போனில் இருந்தார். இரண்டாம் முறை, "என்னம்மா?" என்றார். "ஏசி சத்தமா இருக்கு சார்," என்றேன்.

முதல் கடிதம்தான் போயிற்று.

விசா மையத்தில் விரல் ரேகை வைக்கப் போவதற்குமுன் ஏழு இடங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். விசா ஆபீசிலிருந்து எப்போது வேண்டுமானாலும் போன் வரலாம். எங்கே போகிறாய் என்று கேட்டால் திணறக்கூடாது. டூட்டி முடிந்து சைட் உடுப்போடு நான்கு நாள் வந்தார். நான் பாறைகளைப் பற்றிச் சொன்னேன். பாறைகளைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கூச்சம் குறைந்துவிடும்.

"முதல் இடம் ரம்லா. செம்மஞ்சள் மணல் கடற்கரை."

"ரம்லான்னா மணல்தான? நம்ம சைட்ல ரமல் ரமல்னு நாள் பூரா கத்துறாய்ங்களே."

மால்டா மொழி அரபியிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அது சைட்டில் கத்துகிற சொல்லாக இருக்கும் என்று தோன்றியதில்லை.

"இரண்டாவது, மணலுக்கு மேலே மிஷ்டா குகை. மூன்றாவது வீத் இல் ஆஸ்ரி. இரண்டு சுவர் மாதிரி பாறை, நடுவில் கடல் ஒரு சந்து போல உள்ளே வரும்."

"வீத்துன்னா வாதி, மலைக்கு நடுவுல தண்ணி ஓடுற பள்ளம். ஃபுஜைரா பக்கம் வேலை பாத்தப்ப அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"நாலாவது ஷ்லெண்டி, செங்குத்துப் பாறைகள். ஆறாவது காளான் பாறை. ஏழாவது கொமினோ, பக்கத்தில் இன்னும் குட்டித் தீவு. தண்ணீர் பளிங்கு மாதிரி நீலம்."

"அஞ்ச விட்டுட்டீங்க தங்கச்சி."

மேடம் எப்போது தங்கச்சி ஆனேன் என்று தெரியவில்லை.

ஐந்தாவதைச் சொன்னேன். துவெய்ரா உள்கடல். மலை நடுவில் ஒரு குளம் போலக் கடல். மலையைக் குடைந்துகொண்டு எண்பது மீட்டர் நீளத்துக்கு இயற்கையான குகைப்பாதை. அதன் வழியாக வெளிக்கடல் நீர் உள்ளே வரும், போகும். சின்னப் படகுகளும் போகும். பழைய கல் வளைவு அங்கேதான் இருந்தது, புயலில் விழுந்துவிட்டது என்றும் சொன்னேன்.

"அம்மாம் பெரிய கல்லு விழுந்துச்சே. துண்டு எதுவும் கெடச்சுதா?"

"அடியில் கிடக்கிறது அண்ணா. முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள்."

"அப்ப அடில கெடக்குறது தெரியும்."



தாளில் நான் குகைப்பாதையை வரைந்து காட்டியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "வெளிய விழுந்தது இது வழியா உள்ள வர வாய்ப்பு இருக்கா? நீங்க இதுக்குத்தான படிச்சீங்க?"

நான் பாறைகளுக்குப் படித்தேன். நீரோட்டத்துக்கு இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்திருந்தது.

"வாய்ப்பு குறைவு அண்ணா."

"குறைவுன்னா இருக்குல்ல."

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஐந்தாவது நாள் நான் கேட்கக் கேட்கத் தடுமாறாமல் ஏழையும் ஒப்பித்தார். முதலாளி கை தட்டினார். "யல்லா தம்பி! கைடு வேலைக்கே போயிரலாம். டூரிஸ்டெல்லாம் உங்க பின்னாடிதான்." கார்மேகம் அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மூன்றாம் வாரம் பாஸ்போர்ட் கவரோடு வந்தார். கவர் பிரிந்திருந்தது. உள்ளே அச்சிட்ட தாளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். பயண நோக்கம் குறித்துத் தரப்பட்ட தகவல் நம்பத்தக்கதாக இல்லை.

"போன் வந்துச்சா அண்ணா?"

"போன வாரமே வந்துச்சு. நாலாவது மாடில நிக்கிறேன். ஒரு கை பைப்புல, ஒரு கைல போன். ஒரு பொண்ணு. இந்தில நல்லாத்தான் பேசுச்சு. எங்க போறீங்கன்னுச்சு. ஏழும் வரிசையா சொன்னேன். ரொம்ப நல்லதுன்னுச்சு."

"அப்புறம்?"

"இந்தப் போன் நம்பரு இன்னொரு ஃபைல்ல இருக்கே, விமல் யாருன்னு கேட்டுச்சு."

விமல் தன் வேலை பெர்மிட்டில் அவசரத்துக்குக் கூப்பிட அண்ணனின் துபாய் நம்பரைக் கொடுத்திருக்கிறான். காணாமல் போனவர் ஃபைலிலும் அதே நம்பர்தான் ஏறியிருக்கும். எங்கள் விண்ணப்பத்திலும் அதே நம்பரை நான்தான் தட்டினேன். மூன்று இடத்திலும் ஒரே பத்து எண்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாருமில்லன்னேன்." என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம். "சொல்லிக் குடுத்தபடிதான தங்கச்சி சொல்லணும்? எந்தம்பியா, அப்பிடி யாருமில்லன்னு ரெண்டு வாட்டி சொன்னேன்.  மறுபடி கேட்டுச்சு. அப்பவும் இல்லன்னேன்."

முதலாளி தன் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். தாளை வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"அப்பீல் போடலாம் தம்பி. மூணு மாசம், நாலு மாசம் ஆவும். ஆனா இனி என்ன எழுதுனாலும்…"  கார்மேகம் அண்ணனின் தோளில் கை வைத்தார். "அல்லா இருக்கான்," என்றார். 

"கலாஸ் பாய், முடிஞ்சுபோச்சு," என்றார் கார்மேகம் அண்ணன்.

இரண்டாவது கடிதம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை அனுப்பியிருந்தால் விசா கிடைத்திருக்குமா என்று தெரியாது. இனி அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி வந்தார். முதலாளி ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே வந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார்.

"ஆத்தா படுத்துருச்சு தங்கச்சி. எந்திரிக்க மாட்டேங்குது. லீவு கெடச்சுருச்சு, இந்த வாரம் போறேன்னு முன்னாடியே சொல்லிட்டேன். இப்ப அங்க இருக்கேன்னு சொல்லப் போறேன்." நான்காக மடித்த தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். மடிப்புகளில் கிழிந்திருந்தது. "எதாவது முட்டுச்சுன்னா எடுத்துக் குடுங்க."

வேண்டாம் அண்ணா என்று சொல்லலாம். சொன்னால் வேறு என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். அது என்னிடம் இல்லை. நான் தலையாட்டினேன்.

"வீடியோ கேட்டால்?"

"பட்டன் போனுதான் வச்சிருக்கு." சுற்றிப் பார்த்தார். "அந்த ஏசியக் கொஞ்சம் கூட்டி வைங்க. காத்துச் சத்தமாட்டம் இருக்கட்டும்."

கூட்டினேன். பழைய ஏசி இரைந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"ஆத்தா."

"சாப்டியா?" என்றது ஒரு மெல்லிய குரல். பூவாயி என்று விண்ணப்பத்தில் தாயார் பெயர் என்ற இடத்தில் நான் தட்டியிருந்தேன். குரலை அன்றுதான் கேட்டேன்.

"சாப்ட்டேன். நான் வந்துட்டேன் ஆத்தா. அந்த எடத்துலதான் நிக்கிறேன்."

"இரைச்சலாக் கெடக்கு."

"காத்து."

"எப்புடிய்யா இருக்கு எடம்?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "சுத்தி மலை ஆத்தா. நடுவுல ஒரு கம்மாயாட்டம் கடலு. மலையக் கொடஞ்சு ஒரு குகை போவுது. அது வழியா தண்ணி வருது, போவுது. அந்தாண்ட பெரிய கடலு. நீலமா இருக்கு. கண்ணு கூசுது."

"அவன் நின்ன கல்லு?"

"இருக்கு. அகலமான கல்லு. பத்துப் பேரு உக்காரலாம்."

"அதுல நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"ஓரமாப் போவாத."

"போவல ஆத்தா."

 பிறகு அந்தக் குரல் கேட்டது: "தண்ணியத் தொட்டுப் பாத்தியா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"சூடா இருக்கா, குளுருதா?"

அது தாளில் இல்லை. நாற்பது பேருக்கு எழுதியும் நான் அதை எழுதியதில்லை. அவர் என்னைப் பார்த்தார். மார்ச்சில் அந்தக் கடல் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் 15 என்று எழுதினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியவில்லை. அடித்துவிட்டுக் குளிர் என்று எழுதினேன்.

"குளுருது ஆத்தா," என்றார். "ரொம்பக் குளுருது."

 லைன் போய்விட்டதோ என்று போன் திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவனுக்குக் குளுரு ஆவாதே," என்றாள் பூவாயி.

பிறகு அழ ஆரம்பித்தாள். 

கார்மேகம் அண்ணன் போனை எடுக்கவில்லை. அது தாளின்மேல் கிடந்தது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலாளி வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் ஏசியைக் குறைக்கவில்லை.