ஈரம் போக எடை

மறைப்புச் சேலைக்குப் பின்னாலிருந்து மருத்துவச்சி முத்தம்மாள் நீட்டிய குழந்தையை அங்காளம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியதும் அவள் கை இரண்டு அங்குலம் இறங்கியது.

ரத்னா அதைப் பார்த்துவிட்டாள்.

இறங்காத கை அது. ஏரியிலிருந்து வரும் இறால் கூடையைத் தொடும்போதே அதற்குக் கனம் தெரிந்துவிடும். சேர் போய் கிலோ வந்து பத்து வருஷமாகியும் அந்தக் குப்பத்தில் தராசு வெளியூர் வியாபாரிகளுக்கு மட்டும்தான். உள்ளூருக்கு அங்காளம்மாள் கை போதும். கூடையைத் தூக்குவாள், ஒரு குலுக்கு, "பன்னண்டு. தண்ணி போக ஒம்பது." நனைந்த சரக்கில் நாலில் ஒரு பங்கு தண்ணீர் என்று கணக்கு. ஒருத்தரும் எதிர்த்துப் பேசியதில்லை.

சேலைக்கு அந்தப் பக்கம் ரத்னாவின் அக்கா பச்சையம்மா கிடந்தாள். இரண்டு நாள் வலி. பிள்ளை வெளியே வரவேயில்லை, விடியும்போது அவள் போய்விட்டாள். இரண்டு உயிரை ஒரே குழியில் இறக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதற்காகத்தான் முத்தம்மாளைத் திரும்பக் கூப்பிட்டு, கையில் கத்தியையும் கொடுத்திருந்தார்கள்.

"ஆம்பளப் புள்ள" என்றாள் முத்தம்மாள்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி, பழக்கத்தில், "எத்தினி இருக்கும்க்கா?" என்று கேட்டாள்.

அங்காளம்மாள் கொஞ்சம் தாமதித்தாள். கூடைக்கு அவள் இப்படித் தாமதித்ததேயில்லை.

"மூணுதான். அன்னிக்கே சொல்லல? மூணு கிலோ புள்ளய ஊர்ல எவ பெக்கல? இவளுக்குத் தெம்பில்ல. சோத்த மட்டும் நல்லா உள்ள தள்னா. புள்ளய வெளிய தள்ளத் தெரில."

யாரோ சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இருபது நாளைக்கு முன்னாலும் இப்படித்தான் சிரித்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பச்சையம்மாவின் வயிற்றை டேப்பால் அளந்தாள், அழுத்திப் பார்த்தாள். "நாலு கிலோவுக்குக் கொறையாது. இவளுக்கு இடுப்பு சின்னது. இங்க வச்சிக்கினு இருக்காதீங்க. கும்மிடிப்பூண்டி போயி ரயிலேறி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுங்க."

அங்காளம்மாள் நர்ஸை ஒதுங்கச் சொன்னாள். நாத்தனார் முறையில் பச்சையம்மாவின் வயிற்றுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். ஒரு குலுக்கு.

"நாலுதான். யாரு இல்லன்னா? ஆனா உள்ள தண்ணி கீதில்ல? தண்ணி போக மூணு. வழுக்கிக்கினு வரும்."

"நான் சொல்றது கொழந்த மட்டும்மா."

பச்சையம்மாவின் புருஷன் முனிகிருஷ்ணன் வலை சிக்கெடுத்துக்கொண்டே சொன்னான்: "எங்க அக்கா கை தப்பாது நர்சம்மா. அந்த டேப்ப எடுத்துக்கினு போயி யாருக்காச்சும் ரவிக்கை தெச்சிக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மாவும் சிரித்தாள். வயிறு குலுங்கியது.

இன்றைக்கு மத்தியானம் பஸ்ஸில் ரத்னாவின் அம்மா வந்துவிடுவாள். வந்ததும் இதைத்தான் அவள் காதில் போடுவார்கள். பெத்துப் போடத் தெம்பில்லாத பொண்ணைக் கட்டிக் குடுத்தியே என்பார்கள். செத்தவளே குற்றவாளி.

"அண்ணி, புள்ளயக் குடு" என்றாள் ரத்னா.

"கழுவுணும்டி."

"நான் கழுவுறேன். குடு."

கழுவினாள். கைவிரல்கள், கால் மடிப்பு, மூடிய கண்கள் எல்லாவற்றையும் துடைத்தாள். ஈரம் போகும்வரை திரும்பத் திரும்பத் துடைத்தாள். கொடியில் மொடமொடவென்று காய்ந்திருந்த தன் தாவணியை உருவிச் சுற்றினாள். பிறகு வீட்டுக்குள் போகாமல் பூவரச மரத்தை நோக்கி நடந்தாள். அங்கேதான் தராசு தொங்கியது.

"எங்கடி போற? ஏய், ரத்னா!"

செதில் ஒட்டியிருந்த தட்டைக் கையாலேயே துடைத்துவிட்டு அதில் குழந்தையைக் கிடத்தினாள்.

"ஐயோ, பொணத்த எட போடுது பாரு இந்தப் பொண்ணு!"

"புத்தி கெட்டுப் போச்சா இன்னா?"

அவள் யாரையும் பார்க்கவில்லை. எதிர்த்தட்டில் இரண்டு கிலோ படிக்கல்லை வைத்தாள். அசையவில்லை. ஒரு கிலோ. அசையவில்லை. இன்னும் ஒன்று வைத்தாள். முள் ஆடி ஆடி நடுவில் வந்து நின்றது.

"மாமா" என்று கூப்பிட்டாள். "வந்து பாரு மாமா. நாலு. எங்க அக்காவுக்குத் தெம்பு இல்லாம இல்ல. நர்சம்மா சொன்னாங்க. நீதான் இட்டுக்கினு போவல."

பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன் எழுந்து வந்தான். பெண்கள் வழிவிட்டார்கள். அங்காளம்மாள் தராசைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவள் வாய் நின்றுபோயிருந்தது.

அவன் முள்ளைப் பார்த்தான். படிக்கற்களை ஒவ்வொன்றாக எண்ணினான். தாவணிக்குள் தெரிந்த சின்ன முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு கையை நீட்டி ஒரு கிலோ படிக்கல்லை எடுத்தான்.

"இப்பதான கழுவுன" என்றான். "துணியெல்லாம் ஈரம். தண்ணி போக மூணு. அக்கா சொன்னதுதான்."

"ஆமாமா. தண்ணி இருக்கும்ல" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அங்காளம்மாள் மறுபடி மெல்ல ஆரம்பித்தாள். "வெயில் ஏறுது. குழி ஆயிடுச்சான்னு கேளுடா" என்றாள்.

அவன் கல்லோடு போய்விட்டான். குழந்தை இருந்த தட்டு இறங்கி மணலைத் தொட்டது. ரத்னா சங்கிலியைப் பிடித்தபடி நின்றாள். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. தட்டுக்கு வெளியே தொங்கிய தாவணியின் காய்ந்த முனை எழும்பி, சின்னக் கொடியைப் போலப் படபடவென்று அடித்துக்கொண்டது.